துன்னலும் தொகையும்: ஒட்டுப்போர்வைத் தையற்குழுக்களை வாசித்தல் – நெய்வேலியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழந்துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் பெண்கள் குழுக்கள் கலை வரலாற்றிலும் பெண்ணியத் திறனாய்விலும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. தமிழ்த் திறனாய்வில் அவை பெரிதும் கவனம் பெறவில்லை. நூற்றல் தமிழில் இலக்கியத்திற்கு உவமையாக உயர்ந்தது; துன்னல் வறுமையின் அடையாளமாகவே நின்றது. இவ்வேற்றுமையைச் சங்கப் பாடல்கள், நன்னூல் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தொடர்ந்து, தொகை மரபிலிருந்து பெறப்படும் நான்கு வினாக்களைத் திறனாய்வுக் கருவியாக முன்மொழிந்து, அலபாமாவின் ஜீஸ் பெண்ட், கருநாடகத்துச் சித்தியர், பீகாரின் புசுரா ஆகிய மூன்று தையற்குழுக்களை வாசிக்கிறது. நெய்வேலிச் சுரங்க நகரியத்தில் இவ்வினாக்கள் எத்தகைய ஆய்வைக் கோருகின்றன என்பதை இறுதிப் பகுதி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துன்னல், கந்தை, பனுவல், தொகை, ஒட்டுப்போர்வை, தையற்குழு, நெய்வேலி

1. முன்னுரை

பல துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, அடியில் விரிப்புத்துணி என மூன்று அடுக்குகளை ஓட்டத் தையலால் ஒன்றாக்கிய போர்வை ஆங்கில வழக்கில் ‘குவில்ட்’ எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை ‘ஒட்டுப்போர்வை’ எனக் குறிக்கிறது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு, நவீன அருவ ஓவியங்களுக்கு நிகராகக் காட்டியது. அதன்பின் அந்நாட்டின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் ஒட்டுப்போர்வைக் குழுக்கள் பெருகின. மாதந்தோறும் கூடுதல், ஆளுக்கொரு சதுரம் தைத்து இணைத்தல், முடித்ததைப் பிறர்முன் விரித்துக் காட்டுதல், நோயாளருக்கும் வீடிழந்தோருக்கும் போர்வை தைத்தளித்தல் ஆகியன இக்குழுக்களின் வாழ்வு. தமிழ்நாட்டிலும் பொழுதுபோக்காக இக்கலையைப் பயில்வோர் உள்ளனர். 2019இல் இந்தியக் குவில்ட் விழா சென்னையில் நடைபெற்றது.

இக்குழுக்களை ஆராயப் புகும் தமிழ் ஆய்வாளர் உடனே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கிறார். நூல், இழை, பா, நெசவு எனத் துணியிலிருந்து பெற்ற கலைச்சொற்கள் தமிழ்த் திறனாய்வில் ஏராளம். ஆனால் தையலிலிருந்து, அதிலும் ஒட்டுத் தையலிலிருந்து பெற்ற சொல் ஒன்றேனும் நிலைபெறவில்லை. பலர் கூடிச் செய்த துணியை வாசிக்க நம் மரபு என்ன கருவியைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

நெய்வேலியை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957 மே 20 அன்று நேருவால் சுரங்கப் பணி தொடங்கிவைக்கப்பட்டபின், ஊர்கள் பெயர்க்கப்பட்டன. எண்ணிட்ட வட்டங்களாக ஒரு நகரியம் எழுந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அதில் குடியேறினர். இந்நகரியத்தையே ஓர் ஒட்டுப்போர்வை என உவமித்துவிடுவது எளிது. இக்கட்டுரை அவ்வுவமையை ஏற்கவில்லை. ஒட்டுப்போர்வையில் எத்துண்டு எங்கே அமைய வேண்டும் என முடிவுசெய்பவர் தைப்பவர். நகரியத்தில் குடியேறியவர்களோ இடம்பெயர்ந்தவர்களோ அம்முடிவை எடுக்கவில்லை. உவமையாக அல்லாமல், ஆய்வுக்களமாகவே நெய்வேலி இங்குக் கொள்ளப்படுகிறது.

2. பனுவல்: தனித்திருந்து நூற்கும் பெண்

‘நூல்’ என்னும் சொல் பஞ்சிழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது பலரும் அறிந்தது. ‘பனுவல்’ என்பதும் அவ்வாறே இரு பொருளும் உடையது. சங்கப் பாடல்களில் அது நூற்கப்படும் பஞ்சையும் இழையையும் சுட்டுகிறது. நற்றிணை 353, மலைமேல் தவழும் மேகத்திற்கு ‘ஆளில் பெண்டிர்’ உழைத்து உருவாக்கிய நுண்ணிய பனுவலை உவமையாக்குகிறது. புறநானூறு 125, பருத்திப் பெண்டின் பனுவலைக் கொழுப்புடைய இறைச்சித் துண்டத்திற்கு உவமை கூறுகிறது. புறநானூறு 326இல் அதே பருத்திப் பெண்டு இரவில் எழுந்து சிறு விளக்கின் ஒளியில் பருத்தியின் கழிவை நீக்கிக்கொண்டிருக்கிறாள்.

இம்மூன்று இடங்களிலும் இருவகை ஒற்றுமை காணப்படுகிறது. முதலாவது, அப்பெண்ணின் உழைப்பு வேறொன்றை விளக்கவே வருகிறது; பாடலின் பொருள் அவளல்லள். இரண்டாவது, அவளது உழைப்பில் துணைவர் எவரும் காட்டப்படுவதில்லை. ‘ஆளில் பெண்டிர்’ எனப் பன்மையில் கூறும் நற்றிணையும் அவர்கள் கூடியிருந்து நூற்றதாகக் காட்டவில்லை. காவலற்ற பெண்களின் பிழைப்பாகவே நூற்றலைச் சுட்டுகிறது.

நன்னூற் பாயிரம் இவ்வுவமையை இலக்கியக் கொள்கையாக்குகிறது. அதில் சொற்கள் பஞ்சாகவும், இயற்றப்படும் பனுவல் இழையாகவும், புலவன் நூற்கும் மகளாகவும், அவனது வாய் அவளது கையாகவும், மதி கதிராகவும் உருவகிக்கப்படுகின்றன. இவ்வுருவகத்தின் சிறப்பு பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. அதன் செயற்பாட்டை மேலும் உற்றுநோக்க வேண்டும். புலவனை விளக்க நூற்கும் பெண் தேவைப்படுகிறாள். விளக்கம் நிறைவுற்றதும் அவளது இருக்கையில் புலவன் அமர்ந்துவிடுகிறான். ஒருவர், ஒரு கதிர், அறுபடாத ஓர் இழை என்பதே இங்குப் படைப்பின் இலக்கணமாகிறது. துண்டுகளால் ஆனதும் பலர் கைபட்டதுமான ஒன்றை இவ்வுருவகத்திற்குள் அடக்க இயலாது.

3. துன்னல்: வறுமையின் அடையாளம்

தையலைக் குறிக்கும் பழஞ்சொல் ‘துன்னம்’ அல்லது ‘துன்னல்’. பொருநராற்றுப்படையில் பொருநன் அணிந்திருந்த சிதார் வியர்வையால் நனைந்து, வேற்றிழை நுழைத்துத் துன்னப்பட்டு, ஈரும் பேனும் குடியிருக்கும் துணியாகக் காட்டப்படுகிறது. கரிகாலன் அதனை நீக்கிப் பாம்பின் சட்டைபோல் நுண்ணிய அறுவையை அளிக்கிறான். புறநானூறு 136இலும் இரவலனின் உடையிலுள்ள பல துன்னங்கள் ஈர்கள் தங்கும் இடமாகவே பேசப்படுகின்றன. ஆற்றுப்படை மரபில் துன்னல் ‘முன்பு’ என்னும் நிலையைச் சேர்ந்தது. வள்ளலின் கொடை அதனைக் களைந்தெறிவதில் தொடங்குகிறது. ‘வேற்றிழை’ என்னும் கருத்து இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு துணிக்குள் மற்றொரு துணியின் இழை நுழைவது ஒட்டுப்போர்வையின் அழகியலுக்கே அடிப்படை. பாட்டுமரபோ அதனைக் குறையாகக் கண்டது.

தொழில் என்ற நிலையில் துன்னல் நகரத்தில் இடம்பெற்றிருந்தது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளருள் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் துணியால் பொருள் செய்வோரையும் வரிசைப்படுத்துகிறது. இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் முதலான வணிகக் குழுக்களும், கைக்கோளர், சாலியர் முதலான நெசவுச் சமூகங்களின் கூட்டமைப்புகளும் கல்வெட்டுகளில் இடம்பெற்றன. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய விஜயா ராமசாமியின் ஆய்வு (1985) இவர்களது கோயில் உரிமைகளையும் வரிச்சுமையையும் விரித்துரைக்கிறது. குழுவாகத் திரண்ட கைத்தொழில் தமிழகத்திற்குப் புதிதன்று. எனினும் அக்குழுக்கள் நெசவையும் வணிகத்தையும் சார்ந்தவை. வீட்டில் பழந்துணியைத் தைத்த பெண்ணுக்கு அவற்றில் பெயரில்லை.

பிற பகுதிகளோடு ஒப்பிடுகையில் இந்நிலை தெளிவாகும். தமிழின் ‘கந்தை’யும் வங்காளத்தின் ‘காந்தா’வும் ஒரு வேரினவாகக் கருதப்படுபவை. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தாவைப் பற்றி ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் தனிக்கட்டுரை எழுதினார். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஜசீமுத்தீன் தமது ‘நக்சி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலில், தன் வாழ்வை ஊசியால் வரைந்த துணியைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லும் பெண்ணைப் படைத்தார். ஒரே வேர்ச்சொல் அங்குக் கலைவடிவத்தின் பெயராயிற்று. இங்குக் கசக்கிக் கட்ட வேண்டிய கிழிசலின் பெயராக நின்றது. தமிழ் வீடுகளிலும் பழைய நூற்சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கும் வழக்கம் உண்டு. அதனை நாம் கலைப்பொருளாகப் பெயரிட்டு வாசிக்கவில்லை.

இதற்கு மாறான ஒரு மரபு தமிழரும் பங்கேற்ற பௌத்தத்தில் இருந்தது. துறவியின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைக் கண்டு புத்தர் கூறியவாறு ஆனந்தர் அதன் வடிவத்தை அமைத்தார் என விநய பிடகத்து மகாவக்கம் கூறுகிறது. மழைக்காலத் தவத்தின் முடிவில் வரும் கடினச் சடங்கில், சங்கத்தார் கூடி ஒரே நாளில் ஒரு சீவரத்தைத் தைத்து முடிக்க வேண்டும். ‘கடினம்’ என்பதே தையலுக்குத் துணியை விரித்துக் கட்டும் சட்டத்தின் பெயர். கூடித் தைத்தல் ஒரு சமூகத்தின் ஒற்றுமைக்குச் சான்றாக விதிக்கப்பட்டமைக்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டு. மணிமேகலையைப் பெற்ற மொழி இக்கருத்தைத் தன் திறனாய்வுக்குள் கொண்டுவரவில்லை.

4. கூட்டுழைப்பும் பாட்டும்

பெண்களின் கூட்டுழைப்பைத் தமிழ் மரபு அறியவில்லை எனக் கூறவியலாது. உலக்கை குற்றுவோர் பாடும் வள்ளைப்பாட்டு சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் இலக்கியமாகியுள்ளது. நடவுப்பாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றை நாட்டார் வழக்காற்றியல் விரிவாகத் தொகுத்துள்ளது. பெண்கள் கூடிச் செய்யும் வேலைக்குத் தமிழ் அளித்த வடிவம் பாட்டு என்பது இதனால் விளங்கும். நடவு முடிந்ததும் அப்பாட்டு காற்றோடு கலந்துவிடும், பொருளாக எஞ்சாது. பெண்களின் இழைவேலைக்குத் தமிழ் அளித்த வடிவமோ உவமை. அங்கே பொருள் எஞ்சுகிறது, செய்தவள் எஞ்சுவதில்லை. கூட்டுழைப்பும் இழைவேலையும் சந்திக்கும் இடமாகிய ஒட்டுப்போர்வை இவ்விரு வகைமைகளுக்கும் இடையே விடுபட்டுப்போயிற்று.

இவ்விடைவெளி இன்றும் தொடர்கிறது. தமிழ்த் திரைப்படங்களில் கணவனை இழந்த தாய் தையல் இயந்திரத்தின் முன் தனியே அமர்ந்து பிள்ளையை வளர்க்கும் காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. நற்றிணையின் ‘ஆளில் பெண்டிர்’ இங்கு இயந்திரத்தோடு தோன்றுகின்றனர். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாகப் பெயரிடப்பட்ட தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் வறிய பெண்கள், கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர் ஆகியோரையே கருத்தில் கொண்டது. பொதுத்துறை நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணிகளிலும் தையல் பயிற்சி வழக்கமான ஒரு கூறு. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை; ஓர் இயந்திரம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்யும். ஆயினும் இவை அனைத்தும் ஒரு பெண்ணுக்கு ஓர் இயந்திரம் என்னும் கணக்கில் தையலைத் தனிவருவாயாகவே கருதுகின்றன. தைப்போர் கூடிப் பேசவும், தம் துணியைத் தாமே மதிப்பிடவும் ஓர் அவை வேண்டும் என்னும் எண்ணம் இத்திட்டங்களின் மொழியில் இடம்பெறவில்லை.

5. தொகை என்னும் கருவி

நூற்றல் உருவகம் பயன்படாத இடத்தில் தமிழ் மரபின் மற்றொரு கருத்தாக்கம் உதவுகிறது. அது ‘தொகை’. எட்டுத்தொகை நூல்களுட் பெரும்பாலானவை பல கைகளால் ஆனவை. வெவ்வேறு காலத்தும் இடத்தும் பிறந்த பாடல்கள் தத்தம் எல்லையை இழக்காமல் ஓர் ஒழுங்கிற்குள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அடிக்குறிப்புகளும் தொகுப்புச் செய்திகளும் நான்கு பங்காளரைப் பிரித்துக் காட்டுகின்றன: பாடியோர், பாடப்பட்டோர், தொகுத்தோர், தொகுப்பித்தோர். ஐங்குறுநூற்றைப் பாடியோர் ஐவர். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நற்றிணைக்குத் தொகுப்பித்தவனாகிய பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி அறியப்படுகிறான், தொகுத்தவர் அறியப்படவில்லை.

இப்பகுப்பை ஒட்டுப்போர்வைக்குப் பொருத்தினால் நான்கு வினாக்கள் கிடைக்கின்றன. துணி யாருடையது? தைத்தவர் யார்? அமைப்பைத் தீர்மானித்தவர் யார்? தைப்பித்தவர் யார்? ‘கூட்டுப் படைப்பு’ என்னும் ஒற்றைச் சொல் மறைத்துவிடும் உறவுகளை இவ்வினாக்கள் வெளிக்கொணர்கின்றன.

தொகை மரபு பெயர்களைக் கையாண்ட முறையும் கருதத்தக்கது. இயற்பெயர் கிடைக்காத புலவர்களைத் தொகுத்தோர் பெயரற்றோராக விட்டுவிடவில்லை. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தொடித்தலை விழுத்தண்டினார் என அவரவர் படைத்த உவமையோ தொடரோ பெயராயிற்று. செய்த வேலையின் தனித்தன்மையே செய்தவரின் அடையாளமாகிறது என்னும் இக்கொள்கை, கைவினைப் பொருள்களை ‘பெயர் அறியப்படாத கைவினைஞர்’ என்னும் சீட்டோடு காட்சிக்கு வைக்கும் வழக்கத்தைவிட நேர்மையானது. 1971ஆம் ஆண்டு விட்னி காட்சியையொட்டி எழுந்த விவாதத்தின் மையமும் இதுவே. பட்ரீசியா மைனார்டி 1973இல் எழுதிய கட்டுரையில், ஒட்டுப்போர்வைகளில் பெண்கள் தம் பெயரைத் தைத்திருந்தும் கலைத்துறையினர் அவர்களைப் பெயரற்றோராக நடத்தியதைக் கண்டித்தார்.

6. மூன்று குழுக்கள்

6.1 ஜீஸ் பெண்ட்: அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் ஆற்று வளைவொன்றில் அமைந்த கறுப்பினச் சிற்றூர் இது. ஊரார் பலரது குடும்பப்பெயர் ‘பெட்வே’. அது அவர்களின் முன்னோரை அடிமைகொண்ட பண்ணையாரின் பெயர். வாக்குரிமைக் கோரிக்கை எழுந்த 1962இல் மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் படகு நிறுத்தப்பட்டது. 2006இல்தான் அது மீண்டும் ஓடியது. அதே 1960களில் மில்லர்ஸ் ஃபெரி அணையால் அவ்வூரின் விளைநிலங்களில் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. 1966இல் அப்பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்தனர்.

முதல் வினாவை இவ்வூரின் ஒரு போர்வை கூர்மையாக்குகிறது. 1942இல் கணவரை இழந்த மிசௌரி பெட்வே, அவரது வேலைத் துணிகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும் வெளிறிய நிறமும் அப்போர்வையின் முகத்தில் அப்படியே உள்ளன. புறப்பாடலுக்குப் பாட்டுடைத் தலைவன்போல் இப்போர்வைக்குத் துணியுடைத் தலைவன் ஒருவன் இருக்கிறான். கையறுநிலைத் துறையோடு ஒப்பிட்டு வாசிக்கத்தக்க படைப்பு இது. ஆனால் கையறுநிலைப் பாடல் வள்ளலின் கொடையையும் வீரத்தையும் எண்ணி இரங்கும். இப்போர்வை ஓர் உழவனின் உழைப்பு பட்ட இடங்களைத் தொட்டுக் காட்டுகிறது.

மூன்றாம், நான்காம் வினாக்கள் கூட்டுறவின் வரலாற்றில் எழுகின்றன. 1972இல் சியர்ஸ் நிறுவனத்திற்காக இப்பெண்கள் கோர்டுராய் தலையணை உறைகள் தைத்தனர். பெருநிறுவனம் ஒரே அளவை, ஒரே வடிவத்தைக் கோரியது. எஞ்சிய கோர்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. அங்கே அவை எந்த அளவுகோலுக்கும் அடங்காத போர்வைகளாயின. தைப்பித்தவரின் ஒழுங்கும் தைத்தவரின் ஒழுங்கும் ஒரே துணியில், ஒரே கையால், இரு வேறு இடங்களில் நிகழ்ந்தன. 2002இல் ஹூஸ்டனிலும் பின் விட்னியிலும் நடந்த காட்சி இவ்வூருக்கு உலகப்புகழ் தந்தது. இம்முறை தைத்தவர்களின் பெயர்கள் உடன் நின்றன. 2007இல் அவர்களுள் சிலர், தம் படைப்புகளிலிருந்து வந்த வருவாய் முறையாகத் தமக்குச் சேரவில்லை எனத் தொகுப்பாளர் தரப்பின்மீது வழக்குத் தொடுத்தனர்; அடுத்த ஆண்டு அது உடன்பாட்டில் முடிந்தது. பெயர் கிடைத்தாலும் உரிமை தானே வந்துவிடாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

6.2 சித்தியர்: கருநாடகத்தின் வடகன்னட மாவட்டப் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தியரிடையே, பழந்துணிப் போர்வை ‘கவந்தி’ எனப்படுகிறது. பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுநோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துச் செல்வது இதன் முறை. முன்வரைவு இல்லை; தையலும் அமைப்பும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. தொகை வினாக்களின்படி கூறினால், இங்குப் பாடியவரும் தொகுத்தவரும் ஒருவரே. நான்கு மூலைகளிலும் மடித்துத் தைக்கப்படும் ‘பூலா’ என்னும் பூக்கள் இல்லையெனில் கவந்தி நிறைவுறாது. சித்தியருள் இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் உண்டு. சில போர்வைகளில் சிலுவையும் பிறையும் இடம்பெறுகின்றன. கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவலின் முயற்சியோடு 2004இல் சித்திப் பெண்களின் ஒட்டுப்போர்வைக் கூட்டுறவு உருவாயிற்று. குழந்தைக்காகவும் குடும்பத்திற்காகவும் தைக்கப்பட்ட கவந்தி அதன்பின் அயல்நாட்டார் வாங்கும் பொருளுமாயிற்று. வாங்குபவர் முகம் அறியாதவராகும்போது துணியின் முதல் உரிமையாளர் யார் என்னும் நினைவு பொருளோடு பயணம் செய்வதில்லை. கூட்டுறவுகள் எதிர்கொள்ளும் இவ்விழப்பு வருவாய்க் கணக்கில் தெரியாது.

6.3 புசுரா: பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்து ஊர் இது. பழைய சேலை, வேட்டிகளை அடுக்கிப் பிறந்த குழந்தைக்குத் தைக்கும் ‘சுஜனி’, விஜி சீனிவாசன் தோற்றுவித்த அதிதி அமைப்பின் துணையோடு 1988 முதல் இங்குப் புத்துயிர் பெற்றது. வரதட்சணை, பெண்சிசுக் கொலை, தேர்தல் முதலியன துணியில் கதைகளாயின. கோலமாக இருந்தது கூற்றாக மாறியது. இங்கே வரைபவர் சிலர், தைப்பவர் பலர் என்னும் பிரிவும் தோன்றியது. சமூகச் சிக்கலைத் துணி பேசுகிறது எனப் பாராட்டும் திறனாய்வு, யார் வரைந்தார் என்னும் மூன்றாம் வினாவையும், அப்பொருளைப் பேசுமாறு ஊக்கியவர் யார் என்னும் நான்காம் வினாவையும் எழுப்பியாக வேண்டும். அவ்வாறு வினவுவது அப்பெண்களின் குரலைக் குறைப்பதாகாது. அக்குரல் எவ்வழியே வெளிப்பட்டது எனக் காட்டுவதாகும்.

7. விரிப்பும் சுவரும்

ஒட்டுப்போர்வை பற்றிய இலக்கியத் திறனாய்வில் ஆலிஸ் வாக்கரின் ‘அன்றாடப் பயன்பாடு’ (1973) சிறுகதை மையமானது. பாட்டியின் உடைகளிலிருந்தும் உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முன்னோனின் சீருடைத் துண்டிலிருந்தும் தைத்த போர்வைகளை, நகரத்தில் கற்றுத் திரும்பிய மூத்த மகள் சுவரில் மாட்டக் கேட்கிறாள். தாயோ அவற்றை இளைய மகள் மேகிக்கு அளிக்கிறாள். பயன்பாடு உயர்ந்தது, காட்சி போலியானது என்பது இக்கதைக்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள். கதை அத்துடன் நிற்கவில்லை. மேகிக்குத் தைக்கத் தெரியும். போர்வை கிழிந்தாலும் மற்றொன்றை அவளால் செய்ய முடியும். இங்கு மரபுரிமையாகக் கைமாறுவது பொருள் மட்டுமன்று, செய்திறனும் ஆகும். அருங்காட்சியகம் பொருளைக் காக்கலாம். செய்திறனைக் காப்பது கூடித் தைக்கும் குழுவே.

எலைன் ஷோவால்ட்டர் 1986இல் எழுதிய ‘துண்டிணைப்பும் எழுத்தும்’ பற்றிய கட்டுரையில், பெண்ணெழுத்தின் வடிவத்தை ஒட்டுப்போர்வையின் வழி விளக்கினார். தமிழில் இத்தகைய ஒப்பீட்டைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். நன்னூல் நூற்பவளின் இடத்தில் புலவனை அமர்த்தியதுபோல, தைப்பவளின் இடத்தில் எழுத்தாளரை அமர்த்திவிடும் இடர் இதிலும் உண்டு. துணி எழுத்துக்கு உவமையாகும் முன் துணியாகவே வாசிக்கப்பட வேண்டும்.

பொழுதுபோக்குக் குழுக்களைப் பற்றியும் ஒரு சொல். கடையில் புதுத்துணி வாங்கிச் சதுரங்களாக வெட்டி மீண்டும் இணைப்பதும், வேறு துணியில்லாமையால் கிழிசலை இணைப்பதும் தோற்றத்தில் ஒன்றாகலாம். முதல் வினா இரண்டையும் பிரித்துவிடும்: புதுத்துணிக்கு முன்வாழ்வு இல்லை. எனினும் அக்குழுக்களைப் புறந்தள்ளுதல் தகாது. வருவாய்த் திட்டங்கள் தராத ஒன்றை அவை தருகின்றன. உறுப்பினர் தம் வேலையைப் பிறர்முன் விரித்துக் காட்ட, மற்றவர் அதனைப் பற்றிப் பேசும் வழக்கமே அது. தைப்போரே திறனாய்வோராகும் அவை அங்கு உருவாகிறது.

8. நெய்வேலியில் வினவ வேண்டியவை

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலுள்ள மண் முழுவதும் அகற்றப்படுகிறது. ஆகவே பெயர்க்கப்பட்ட ஊருக்கு ‘இருந்த இடம்’ என ஒன்று எஞ்சுவதில்லை. சென்று பார்க்கத் திண்ணையோ கிணற்றடியோ இராது. நிலத்தின் அளவும் இழப்பீடும் ஆவணங்களில் இருக்கும். 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்துநின்ற நெற்பயிருக்கிடையே கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த விவாதமும் ஏக்கர், விலை, வேலை என்னும் சொற்களிலேயே பெரிதும் நிகழ்ந்தது. அச்சொற்கள் இன்றியமையாதவை. ஆனால் ஒரு வீடு பெயரும்போது பெண்கள் எடுத்துச் சென்ற பொருள்களுள் நிலப்பதிவேடு அறியாதவை பல. தூளியாகக் கட்டிய சேலை, மடித்துத் தைத்த விரிப்பு, இறந்தவரின் துணி ஆகியன அவற்றுட் சில. இடம் அழிந்த ஊருக்குத் துணியே எஞ்சிய இடமாகலாம்.

இதனடிப்படையில் நான்கு வினாக்களும் களப்பணிக்குரிய வினாக்களாக மாறுகின்றன. பெயர்க்கப்பட்ட ஊரினரின் வீடுகளில் எவருடைய துணிகள், எக்காரணத்தால் காக்கப்பட்டுள்ளன? ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளரின் தேய்ந்த பணிச் சீருடைகள் என்னவாகின்றன? நகரியத்து வட்டங்களில், தாய்மொழி வேறுபட்ட அண்டைவீட்டுப் பெண்கள் ஒருவரிடம் ஒருவர் கற்ற தையல் முறைகள் யாவை? தையல் பயிற்சி பெற்ற பெண்கள், பயிற்சி முடிந்தபின் கூடுகின்றனரா, தனித்தனியே வீட்டிற்குள் திரும்புகின்றனரா? பயிற்சியில் எஞ்சிய துண்டுத்துணிகள் எங்கே போகின்றன? ஜீஸ் பெண்டின் கோர்டுராய்த் துண்டுகளை எண்ணும்போது இறுதி வினா அற்பமானதன்று.

இவ்வினாக்கள் நெய்வேலியில் ஓர் ஒட்டுப்போர்வை மரபு மறைந்து கிடக்கிறது என முன்கூட்டியே முடிவுசெய்யவில்லை. அத்தகைய மரபு இல்லாமலும் போகலாம். இல்லாமை ஆய்வில் உறுதிப்பட்டால், கூடித் தைக்கும் வழக்கம் ஏன் உருவாகவில்லை என்பது அடுத்த ஆய்வுக்குரிய வினாவாகும். மூன்று மாறுபணி நேரங்களில் இயங்கும் தொழில்நகரின் வீட்டு ஒழுங்கும், பணியாளர் குடியிருப்புக்கும் சுற்றுக்கிராமங்களுக்கும் இடையிலான எல்லையும் அதற்கு விடைதரக்கூடும்.

9. முடிவுரை

தொகைக் கருவிக்கும் எல்லை உண்டு. சங்கப் பாடல்களைப் பாடியோர் ஓரிடத்தில் கூடியிருந்து பாடியவரல்லர். அவற்றைத் தொகுப்பித்தோர் அரசர். தையற்குழுவில் கூடியிருத்தலே அடிப்படை. அதனை விளக்க வள்ளைப்பாட்டையும் கும்மியையும் ஆராய்ந்த நாட்டார் வழக்காற்றியலின் துணை தேவை. தொகை மரபு, பங்காளரைப் பிரித்தறியவும் அவரவர்க்குரிய பெயரை வழங்கவும் கற்பிக்கிறது. வழக்காற்றியல், அவர்கள் கூடியிருந்த பொழுதைக் கேட்கக் கற்பிக்கிறது. இவ்விரண்டும் இணையும்போதே ஒட்டுப்போர்வை தமிழ்த் திறனாய்வின் பொருளாகும்.

‘துன்னல்’ என்பதைக் கலைச்சொல்லாக மீட்பது அதன் முதற்படி. வேற்றிழை நுழைதலைக் குறையெனக் கண்ட பார்வையிலிருந்து, எவருடைய இழை எங்கிருந்து வந்து எத்துணியைத் தாங்கி நிற்கிறது என வினவும் பார்வைக்கு அச்சொல் நம்மை அழைத்துச் செல்லும். கரிகாலன் களைந்தெறிந்த சிதாரை முன்னர்த் துன்னியவர் யார் என்பதைப் பொருநராற்றுப்படை கூறவில்லை. இடம்பெயர்ந்த வீடுகளில் பழந்துணி தைத்தவர்களின் பெயர்களை, சொல்லவல்லோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்வது தமிழ் ஆய்வின் கடமை.